பந்தயத்தன்று காலை போல

இறகு என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் இப்போது பார்த்தால் சிரித்துவிடுவார்கள். பந்தயக் குதிரை ஓட்டிய காலத்தில் நாற்பத்தொன்பது கிலோ. இன்று முக்காலியில் உட்கார்ந்தால் முக்காலி முனகுகிறது. பெயருக்கு மட்டும் சதை போடவில்லை.

அவர் ஓட்டி ஜெயித்த குதிரை மகராசிக்கும் வயது பதினைந்தாகிவிட்டது. இனி ஓடமாட்டாள் என்று முதலாளி கழித்துக்கட்டியபோது, இறகும் மனைவியும் அவளை வாங்கி வீட்டுக்குப் பின்னால் லாயம் போட்டார்கள். இப்போது அவள் ஒன்பது மாதச் சினை. குட்டி பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

வீட்டுக்குள் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. கோப்பையோடு இறகு அவள் முதுகில் இருக்கிறார். அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். "ஜெயிச்சதும் என்னைத்தான் பாக்கறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அன்று காலை மகராசி தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தாள். மேலுதட்டைச் சுருட்டினாள். கழுத்தெல்லாம் வியர்வை. இறகுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இங்க வந்து பாரேன். பந்தயத்தன்னிக்குக் காலையில இப்படியேதான் நிப்பா. எதையும் மறக்கல."

"சாப்பிடலையே?" என்றாள் மனைவி.

"பந்தயத்துக்கு முன்னாடி என்னிக்குச் சாப்பிட்டிருக்கா? ஓடணும்னு அவ்வளவு துடிப்பு."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். பந்தயம் தொடங்கக் கதவு திறக்குமுன் அவள் உடம்பில் ஓடும் நடுக்கம், கடைசி வளைவில் வாய்க்குள் தெறிக்கும் மண், பின்னால் தேய்ந்துகொண்டே போகும் குளம்புச் சத்தம். எல்லாம் திரும்பி வந்து தன் லாயத்திலேயே நிற்பது போல் இருந்தது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை. பத்தரை மணிவரை மனிதர் அந்தச் சுகத்திலேயே கிடந்தார்.

லாயம் கூட்ட வந்த மனைவிதான் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏங்க, கூட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. ராத்திரியிலேருந்து லத்தியே போடல. வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்கறா."

வந்த கால்நடை மருத்துவர் குழாயை மகராசியின் விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டார். "குடல் சத்தமே இல்லம்மா" என்று மனைவியிடம் சொன்னார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் எண்ணெய் செலுத்தினார்.

"நடத்திக்கிட்டே இருங்க. கீழே விழுந்து புரள விடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள லத்தி விழலைன்னா வயித்தைக் கிழிக்கணும். இந்த வயசுல, குட்டியையும் சுமந்துக்கிட்டுத் தாங்குவாளான்னு தெரியல. எப்பலேருந்து இப்படி?"

"விடிஞ்சதுலேருந்து" என்றார் இறகு. ஏன் உடனே கூப்பிடவில்லை என்று அவர் கேட்குமுன் கயிற்றை அவிழ்த்து அவளை வெளியே கொண்டுபோனார்.

முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடத்தினார். அவள் முழங்கால் மடங்கும்போதெல்லாம் தோளைக் கொடுத்து, இருக்கிற சதை முழுவதையும் வைத்து முட்டுக்கொடுத்தார். அவரை அத்தனை வருடம் சுமந்தவள் அவள். கடன் தீர்வதாய் இல்லை.

நாலரை மணிக்கு வால் உயர்ந்தது. எண்ணெய் மினுங்க நாலு உருண்டை விழுந்தன. கோப்பை வாங்கிய அன்று அழாத மனிதர் அதைப் பார்த்து விசும்பி விசும்பி அழுதார்.

"கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அப்புறமா கூட்டறேன்" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுபடி வந்து சோதித்த மருத்துவர் கைகழுவ உள்ளே வந்தார். இறகு காலையில் தான் செய்த முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டார்.

"பந்தயத்தன்னிக்கெல்லாம் இதேதானா? சாப்பிடாம, காலால பறிச்சு, வேர்த்து?"

"ஒவ்வொரு தடவையும்."

மருத்துவர் நிதானமாகக் கையைத் துடைத்தார். "துடிப்பாவும் இருந்திருக்கலாம். ஆனா ஓடற குதிரைங்களுக்கு வயித்துப்புண் சகஜம். அப்பவே வலிச்சிருக்கும்."

அவர் போன பிறகு இறகு படத்தின் அருகே போய் நின்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன்னை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வை அவர் முகத்துக்கு வரவில்லை. கோப்பை பிடித்த கைக்கும் கீழே, அவர் காலுக்கும் கீழே இறங்கியிருந்தது.

அன்றும் அவள் தன் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.