கும்பிட்டால் நிற்கும் கிரேன்

என் புருஷன் சோலைமலைக்கு ஒரு வியாதி இருக்கிறது. பெரிய மனுஷர் யாரைப் பார்த்தாலும் இரண்டு கையும் தானாகச் சேர்ந்துவிடும். கோயில் ஐயர், வங்கிக்காரர், கரண்ட் பில் கொடுக்க வருகிறவர், எல்லோருக்கும் ஒரே கும்பிடுதான். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்த் துரை முன்னால் வரிசையில் நின்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டில் எனக்கு மட்டும் அது கிடையாது.

நாங்கள் இருவரும் ஹட்டனில் மஃறூப் முதலாளியின் பட்டறையில் வேலை பார்க்கிறோம். தேயிலை ஃபக்டரிகளில் கொழுந்து அரைக்கும் ரோதைகளை அங்கே கொண்டுவந்து பழுது பார்ப்பார்கள். அவற்றைத் தூக்க, கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் உண்டு. அதன் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவது நான். கீழே நின்று கையால் சைகை காட்டுவது அவர். பட்டறை இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. வீட்டில் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷனின் கைக்கு இங்கே நான் கட்டுப்பட வேண்டும். என் தலையெழுத்து.

தொல்லை என்னவென்றால், கிரேன் சைகையில் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோர்த்தால் ‘எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து’ என்று அர்த்தம். மேலிருந்து பார்த்தால் கோர்த்த கையும் கூப்பிய கையும் ஒன்றுதான். இவர் யாருக்காவது கும்பிடு போடுவார், நான் நிறுத்துவேன், ரோதை அந்தரத்தில் தொங்கும்.

இந்த லட்சணத்தில் என்னைப் பரீட்சை பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். தேறினால் கூண்டு எனக்கே நிரந்தரம். தவறினால் பழையபடி கீழே கிரீஸ் துடைக்கப் போக வேண்டும். வருஷக்கணக்கில் துடைத்தவள் நான். என்ன சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. எனக்கு அந்தக் கூண்டு வேண்டும்.

“இன்னைக்கு ஒரு நாள் யாரையும் கும்பிடாதீங்க. சாமியே வந்தாலும் சும்மா நில்லுங்க,” என்று பரீட்சை அன்று காலையில் இவரிடம் சொன்னேன்.

“சாமி வந்தா எப்படிடி சும்மா நிக்கிறது?”

“நின்னு பாருங்க.”

பரீட்சகர் வந்தார். கும்பிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டியவர் கட்டியபடியே நின்றார். சைகைக்காரர் கையை ஒளித்து வைத்தால் நான் எதைப் பார்த்து ஓட்டுவது? எரிச்சலோடு கூண்டிலிருந்த மணியை அடித்த பிறகுதான் கை முன்னால் வந்தது.

ரோதை எழுந்தது. ஆடாமல் அசையாமல் நகர்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மஃறூப் முதலாளி காதில் போனுடன் ஆபீஸிலிருந்து இறங்கி, ரோதை வரும் பாதைக்குள் நடந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ரோதை மறைத்ததால் எனக்கு அவரைத் தெரியவில்லை.

இவருக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டியிருக்க வேண்டும், அதுதான் ஆபத்துச் சைகை. ஆனால் வருவது முதலாளி அல்லவா? கை விரியவில்லை, குவிந்தது.

பாழாய்ப்போன கும்பிடு என்று வைதுகொண்டே நிறுத்தினேன். ரோதைக்கு மறுபக்கத்திலிருந்து முதலாளியின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. பட்டறையில் மற்ற மெஷின்களையும் நிறுத்திவிட்டார்கள்; கீழே பேசுவது கூண்டு வரை கேட்டது.

“நல்லா இருக்கியா சோலை?” என்றார் அவர். பரீட்சகர் ஓடிவந்து முதலாளியின் கையைப் பிடித்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போனார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார்.

“ஏன் நிப்பாட்டினது?”

“கையைச் சேர்த்தா நிப்பாட்டணுங்க. யாருக்குச் சேர்த்தாருன்னு நான் பாக்கக் கூடாதுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “நீங்க பாஸ். சைகை காட்டுற ஆள் மட்டும் திரும்பப் படிக்க வேணும்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடியை விட்டுவிட்டுப் பரீட்சகரைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினேன். ரோதை இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சோலைமலை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் கீழே காட்டி வட்டமாகச் சுழற்றினார். இறக்கு என்று அர்த்தம். முகத்தில் அப்படியொரு நக்கல்.

வாயை மூடிக்கொண்டு இறக்கினேன்.