மதியத் தூக்கத்தில் ஊமையான பெட்டி

கோர்தோபா மலையடிவாரத்து ஆறு சொல்லிக்கொண்டு வராது. மேலே எங்கோ மழை கொட்டினால், கீழே வெயிலில் குளிப்பவர்களை வாரிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் கிரிசெல்தா வெள்ள எச்சரிக்கைப் பெட்டி செய்தாள். மறுநாள் மாலை அது மேல்கரைக் கம்பத்தில் ஏற வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தது பழைய, மலிவான சில்லு. செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். நான்கு மாதம் மல்லுக்கட்டி, மடிக்கணினியில் எழுதுவதை அந்தச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரைக் கிரிசெல்தா தானே கட்டினாள். உள்ளே லினக்ஸ் விண்டோஸ் எதுவும் கிடையாது. மின்சாரம் வந்ததும் சில்லு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட அவளே எழுத வேண்டும். எழுதினாள். தண்ணீர் ஏறுவதை அறியும் உணரியை வாளித் தண்ணீரில் முக்கியபோதெல்லாம் சைரன் அலறியது. நூறு தடவை அணைத்துப் போட்டும் பிசகவில்லை. தலைக்கனம் ஏறியது, யாருக்குத்தான் ஏறாது?

கம்பத்தில் ஏற்றும் வேலை, அவள் பெட்டி செய்த பட்டறையின் சொந்தக்காரர் அனிபாலுடையது. மதியத் தூக்கத்துக்குப் போகும்போது பட்டறையின் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார். அன்றும் போனார். நாலரைக்கு வந்து போட்டால், உணரியை முழுக முக்கியும் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

“நான் எந்திரிச்சுட்டேன் கிரி, உன் பெட்டி இன்னும் எந்திரிக்கலையே?”

பயத்தை முந்திக்கொண்டு அவளுக்கு ஆர்வம் வந்தது. நிரலை மறுபடி ஏற்றினாள், அலறியது. அணைத்து உடனே போட்டாள், அலறியது. அணைத்துவிட்டு, ஆற அமர ஒரு குடுவை மாத்தே தேநீர் குடித்துவிட்டுப் போட்டாள், ஊமை.

விஷயம் பிடிபட்டது. எவ்வளவு தண்ணீர் வந்தால் அலற வேண்டும் என்ற எண்ணை, சில்லு விழித்ததும் நிரந்தர நினைவகத்திலிருந்து, மின்சாரம் போனால் அழிந்துவிடும் வேலை நினைவகத்துக்குப் படியெடுக்க வேண்டும். அந்த நாலு வரியை எழுத மறந்திருந்தாள். வேலையைத் தொடங்கும்போதெல்லாம் அவள் நிரலைப் புதிதாக ஏற்றுவாள்; அப்போது மடிக்கணினியே எண்ணை நேராக வேலை நினைவகத்தில் வைத்துவிட்டது. சட்டென்று அணைத்துப் போட்டால், மிச்சமிருந்த மின்சாரம் அதை அழியாமல் காப்பாற்றியது. நூறு தடவையும் வென்றது அந்த மிச்சம்தான், அவள் இல்லை.

“நீங்க தூங்கப் போகலைன்னா இது இப்படியே ஆத்துக்குப் போயிருக்கும்,” என்றாள்.

“முப்பது வருசமா என் பொண்டாட்டி திட்டுற தூக்கம். இதை அவகிட்ட வந்து சொல்லு.”

நாலு வரியைச் சேர்த்து, இரவும் மறுநாள் காலையும் பெட்டியை அணைத்தே வைத்தாள். மூன்று மணி, ஊரே தூக்கத்தில். அவளுக்குப் பொறுக்கவில்லை. போட்டு, உணரியை முக்கினாள். சைரன் தெருவைக் கிழித்தது.

ஐயோ, திட்டப்போகிறார்கள் என்று வாசலுக்கு ஓடினாள். யாரும் திட்டவில்லை. எதிர்வீட்டு எவுலாலியா, கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி, செருப்பில்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டுத்தெருவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.