பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

மைதிலியும் செண்பகமும் ஓரகத்திகள். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரே சந்து, ஒரே வாசல். கீழ்வீடு இளையவளான மைதிலிக்கு, படியேறினால் மூத்தவள் செண்பகத்துக்கு. பன்னிரண்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள் தெரியுமா? விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மைதிலியின் பைக் சத்தம் கேட்டதும், செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வருவாள். மைதிலிக்கு லேப் வேலை. வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். செண்பகம் மல்லேஸ்வரத்தில் ஒரு லேடீஸ் பிஜியில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில், சமையல்காரி. போகிற வழிதானே. பின்னால் உட்கார்ந்து சந்துக் கதை பூராவும் சொல்லி முடிப்பதற்குள் பிஜி வாசல் வந்துவிடும்.

ஒருநாள் சம்பிகே ரோட்டுத் திருப்பத்தில் செயின் கழன்றுகொண்டது. வண்டி வெட்டி நிற்க, செண்பகம் முழங்கால் தேயக் கீழே விழுந்தாள். பெரிய அடியில்லை. ஆனால் கூடிவிட்ட ஜனத்துக்கு நடுவே, பயமும் வெட்கமுமாக மைதிலியின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

“உன் கனத்துக்கு எந்தச் செயின்க்கா தாங்கும்?”

யாரோ சிரித்தார்கள். செண்பகம் சேலையைத் தட்டிக்கொண்டு நடந்தே போனாள். அன்றிலிருந்து தினமும் நடைதான். இருட்டோடு எழுந்து, தேய்ந்த முழங்காலோடு அந்த மேட்டில் ஏறிப் போகிறாள். மைதிலி வண்டியில் அவளைத் தாண்டும்போது இருவருமே தெருவின் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

கழன்ற செயின் மறுபடியும் கழன்றது. மெக்கானிக் சுதீர், இரண்டு பல்சக்கரமும் போய்விட்டன, புதன்கிழமை கொண்டுவாருங்கள் என்றார். திங்கட்கிழமை காலையில் ஒன்பது வீடு ரத்தம் கொடுக்கக் காத்திருக்குமே! வீட்டு ஆண்கள் இருவரும் ஓசூரில் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தார்கள். மைதிலி ஜே.சி. ரோட்டில் செயினும் பல்சக்கரங்களும் சேர்ந்த செட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை, செல்போன் வீடியோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடிப்படியில் செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையிடம்தான் பேசினாள்.

“வீடியோ பாத்து பிரியாணி செஞ்சதுக்கே அந்தக் கதி. இப்ப வண்டி.”

மைதிலிக்குக் காதில் விழுந்தது. செயின் கவரைக் கழற்றியவளுக்கு அதிர்ச்சி. பின் பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கொக்கி மாதிரி வளைந்திருந்தன. செயின் துருவேறி, வளைத்தால் வளைந்தபடியே நின்றது. ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியவள்தான் அவள். அன்று வாங்கிய எண்ணெய் டப்பா சீல் கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பூட்டுக் கிளிப்பை நெம்பி எடுத்துச் செயினை உருவிப் போட்டாள். எஞ்சின் பக்கத்து மூடியைத் திறந்து, முன் பல்சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். நட்டு கழலவில்லை, சக்கரமே சேர்ந்து சுற்றியது. கியரில் போட்டுத் திருகினாள். எஞ்சினும் சேர்ந்து அசைந்து கொடுத்ததே தவிர நட்டு பிடிவாதமாக இருந்தது.

வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அவசரத்தில் தாண்டிப் போன இடத்தில் அந்த மனிதர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: செயின் வண்டியில் இருக்கும்போதே, ஒருவர் மேலே உட்கார்ந்து பின் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் முன் நட்டைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே செயினை எடுக்க வேண்டும்.

ஒழிந்தது என்று தூக்கிப் போட்ட அதே துருச் செயினை எடுத்து, கையெல்லாம் கரியாக, மறுபடியும் மாட்டினாள். சரி, மிதிக்க ஆள்? சந்தில் யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். ஆனால் படியில் உட்கார்ந்திருக்கிறவளைத் தாண்டிப் போய் இன்னொருத்தியைக் கூப்பிட்டால், அது முழங்கால் காயத்தைவிடப் பெரிய காயம். அப்புறம் இந்த வாசலில் பேச்சு என்பதே இருக்காது. மைதிலிக்கு அது தெரிந்திருந்தது.

“அக்கா.”

கீரைக்காம்பு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா, ஒரு ஆள் வண்டிமேல உக்காந்து பிரேக்க மிதிக்கணும்.”

“ஒல்லியா யாராச்சும் இருப்பாங்க, போய்ப் பாரு.”

“ஒல்லியா இருந்தா வண்டி நகந்துடும்க்கா. கனம் வேணும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செண்பகம் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை.

“உன் கனம் இல்லக்கா. இங்க வந்து இந்தப் பல்லப் பாரு. நான் ஒரு சொட்டு எண்ணெ விடல. அதான் கழண்டுது.”

செண்பகம் இறங்கி வந்தாள். குனிந்து, வளைந்த பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அன்னிக்கே தெரியுமாடி உனக்கு?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்?

“சுதீரு அதுக்கு முந்துன மாசமே சொன்னாருக்கா. அப்புறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். உன்னையும் ஏத்திக்கினு போனேன்.”

செண்பகம் கரி ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். காய்ந்து கறுத்திருந்த காயம் தெரிந்தது. எப்போதும் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தே பழகியவள், முதல்முறையாகக் காலை அந்தப் பக்கம் போட்டு முன் சீட்டில் ஏறினாள்.

“எதுடி பிரேக்கு?”

“வலது கால்கிட்டக்கா. உட்டுடாத, அமுக்கு!”

மைதிலி உடம்பை முழுக்கக் கொடுத்து ஸ்பேனரை இழுத்தாள். வண்டி அசையவில்லை. ‘டக்’கென்று நட்டு இளகியது.

“வந்துச்சா?”

“வந்துடுச்சுக்கா!”

“நான் மிதிச்சதுல வந்துது. உன் கையால ஒண்ணும் வரல, தெரிஞ்சுக்கோ.”

பிறகு வேலை ஓடியது. மதியத்துக்குள் இரண்டு பல்சக்கரமும் புதுச் செயினும் ஏறிவிட்டன. செயினுக்கு எவ்வளவு தொய்வு விடுவது என்கிற இடத்தில் மைதிலி கையை நிறுத்தினாள்.

“அக்கா, ஆளு ஏறினா செயின் இறுகும். ஒருத்திக்கு வெக்கறதா, ரெண்டு பேருக்கு வெக்கறதா?”

செண்பகம் மாடிக்குப் போனாள். மைதிலி ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவளின் இடுப்பில் அரை மூட்டை அரிசி இருந்தது. அதை முன் சீட்டில் சாய்த்துவிட்டு, தான் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“இன்னா பாக்கற? அந்த மூட்டதான் நீ. அவ்ளோதான் இருக்க. இப்ப அமுக்கிப் பாரு, செயின் ஆடுதா?”

ஒரு விரற்கடைதான் ஆடியது, போதாது. மைதிலி சக்கரத்தை ஒரு நூல் முன்னால் தள்ளி, தொய்வைக் கூட்டி, நட்டை இறுக்கினாள். கண்ணைத் துடைக்கப் போய் கன்னமெல்லாம் கரி.

செண்பகம் இறங்கி, கீழ்வீட்டு அலமாரியிலிருந்த எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம நானே விடறேன். உன்ன நம்பி பின்னாடி உக்கார முடியாது.”