ஒன்பது ஊற்றுக்குப் பிறகு

சீனாவின் சாவ்சோவ் பழைய நகரத்தில், வலைக்காரச் சந்தில், மின்விசிறி பழுது பார்க்கும் கெங்முவாவின் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஆள் ஒருத்திதான். தண்ணீர் மீட்டர் பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் சியூலான். மற்றவர்கள் விசிறியைக் கொடுத்துவிட்டு நின்ற காலோடு போய்விடுவார்கள். குவாங்சோவுக்குப் போன அவன் மனைவி அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது.

ஐந்து நிமிட வேலைக்கு மீட்டர்க்காரி நாற்பது நிமிடம் இருக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தவள் எதிர்மாடி லிம் அத்தை. சியூலான் வரும் நாளில் அத்தை வீட்டுத் துணிகள் மட்டும் காயவே காயாது. காலையிலிருந்து ஒரே துண்டை உதறிக்கொண்டிருப்பாள்.

அன்று சியூலான் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து மீட்டர் தானாவே கணக்க அனுப்பிடுமாம், கெங் அண்ணே. என்னை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"தானாவே அனுப்புமா? அப்ப டீயையும் அதுவே குடிச்சுக்குமா?"

அவள் சிரித்தாள். அந்த ஊரில் அண்ணன் என்பது காய்கறிக்காரனையும் கூப்பிடுகிற சொல்தான். அதில் கெங்முவாவுக்கு வருத்தமில்லை. 'மீட்டர் இல்லேன்னாலும் வாங்க.' அவன் சொல்ல வேண்டியது இந்த மூன்றே வார்த்தை. அதைச் சொல்வதற்குள் அவள் எழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஃபங்குவாங் மலைத் தேயிலை. கரித்தணலில் மூன்று தடவை வாட்டிக் கறுத்தது. இலேசாக வாட்டிய இலை, திரும்பத் திரும்ப வெந்நீர் விட்டு வடிக்கும்போது ஐந்தாறு ஊற்றில் கைவிட்டுவிடும், இது ஒன்பது தாங்கும் என்றுதான் இதை வாங்கியிருந்தான். மூடிக் கிண்ணம் முக்கால் நிறைய இலையைப் போட்டான். கொதிக்கக் கொதிக்க நீரைவிட்டு, முதல் ஊற்றால் கிண்ணிகளைக் கழுவிக் கொட்டினான். இரண்டாவதை ஐந்து எண்ணுவதற்குள் வடித்து, மூன்று கிண்ணியிலும் நிறம் ஒன்றுபோல் வரும்படி சுற்றிச் சுற்றி ஊற்றினான். இரண்டு பேரானாலும் அந்த ஊர் வழக்கப்படி கிண்ணி மூன்றுதான். மூன்றாவதை "நீங்க எடுங்க", "இல்ல நீங்க" என்று தள்ளிக்கொள்வதிலேயே பொழுது போகும்.

"கருக்கின வாசனையும் இருக்கு, அடியில ஒரு பூவாசனையும் இருக்கே," என்றாள் சியூலான்.

"வாட்டினதும் ஒரு மாசம் மூடி வெச்சேன். கருக்கு வாடை தணியணுமில்ல."

உங்களுக்காகத்தான் வெச்சேன் என்று சொல்லியிருக்கலாம். விசிறியின் இறக்கை பற்றிப் பேசினான். நான்காம் ஊற்றில் ஆற்று மீன் பற்றி, ஆறாவதில் லிம் அத்தையின் துண்டு பற்றி. எட்டாவதை நீண்ட நேரம் ஊறவிட்டும் நிறம் இளைத்துவிட்டது. ஒன்பதாவது ஊற்று, கிண்ணியின் அடியிலிருந்த நீலப்பூவை அப்படியே காட்டியது.

தேநீர் வெளுத்தால் வந்தவர் எழுந்திருப்பது அங்கே மரியாதை. சியூலான் பையை மடியில் எடுத்து வைத்தாள்.

கெங்முவாவுக்குப் பதறியது. சட்டென்று பழைய இலையைக் கொட்டி, டப்பாவைத் திறந்து புது இலை போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, வாசலைப் பார்த்தான்.

அவளும் வாசலைப் பார்த்தாள். புது ஆள் வந்தால்தான் இலையை மாற்றுவார்கள்.

"அடடா, ஆள் வர்றாங்களா? முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே? நான் பாட்டுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"இல்ல, அது... தண்ணி கொதிச்சிடுச்சு..."

கை மட்டும் பழக்கத்தில் நீரை ஊற்றி மூடியது. அவள் அதற்குள் செருப்பை மாட்டி, ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தாள். அவன் வாசலுக்கு ஓடினான்.

"யாரும் வரல! யாருமே வரல!"

ஸ்கூட்டர் முனை திரும்பிவிட்டது. பதில் மாடியிலிருந்து வந்தது.

"அது சந்துக்கே தெரியும்டா. நான் வரட்டுமா?"

அவன் கதவைச் சாத்தாமல் உள்ளே போனான். லிம் அத்தைக்கு அதுவே போதும். துண்டோடு இறங்கி வந்து, சியூலானின் முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் கிண்ணத்தை வடித்தான். தேநீர் காப்பி நிறத்தில் இறங்கியது.

"தூ, என்னடா இப்படிக் கசக்குது?"

"வடிக்க மறந்துட்டேன், அத்தை."

"அவளுக்கு இலையையே மாத்துற, எனக்கு ஒருநாளும் டீயே ஊத்தினதில்லயே நீ," என்றபடி, யாரையும் கேட்காமல், மூன்றாவது கிண்ணியையும் எடுத்துக்கொண்டாள்.