நாலாம் பிரிவில் ஓடிய சோடி

விடிந்ததிலிருந்து வீரையாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போவார், வாளியைத் தூக்குவார், தண்ணீர் அள்ளாமலே திரும்பி வருவார். மாட்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சிவலையின் நெற்றியைத் தடவுவார். பிறகு மயிலைக்கு முன்னால் நின்று அதை முறைத்துப் பார்ப்பார். "எல்லாம் உன்னால வந்த வினை" என்று ஒருதரம் வாய்விட்டே சொல்லிவிட்டார். மயிலை வைக்கோலை மென்றுகொண்டு நின்றது.

அன்று பின்னேரம் மாட்டுவண்டிச் சவாரிக் கழகத்தின் விசாரணை. வீரையா தன் மாட்டுச் சோடியை வேண்டுமென்றே கீழ்ப் பிரிவில் இறக்கி வென்றுவிட்டார் என்று அவரிடம் தோற்ற சிற்றம்பலம் முறைப்பாடு வைத்திருந்தார். அது சரியென்று தீர்ந்தால் விசுவமடுத் திடலில் வீரையாவின் வண்டி இறங்க முடியாது. வருடத்தில் சில நாட்கள், அதுவும் சில நிமிடங்கள் ஓடுகிற ஓட்டம்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மற்ற நாட்களில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கிறேன் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

சவாரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுச் சோடிகளை அவற்றின் வேகத்தைப் பார்த்து நாலு பிரிவாக வைத்திருப்பார்கள். வென்ற சோடி மேலே ஏறும், தோற்றது கீழே இறங்கும். முதலாம் பிரிவில் ஓடவேண்டிய மாட்டைக் கொண்டுவந்து நாலாம் பிரிவில் விட்டு, பாவப்பட்ட மாடுகளை வெல்லுகிறவனைச் சவாரிக்காரர் காறித் துப்புவார்கள். அப்படி ஒருதரமாவது செய்துபார்க்காத சவாரிக்காரரைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்தான். அது வேறு கதை.

மயிலை வீரையாவிடம் வந்தது தொண்ணூற்றெட்டின் கடைசியில். பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்த ஒரு அம்மா, வவுனியாவுக்குப் போகிற அவசரத்தில் அதை விற்றார். அவருடைய புருசன் செத்து அப்போது ஒரு வருடமிருக்கும். "இது ஓட்ட மாடு தம்பி. அவர் பிள்ளை மாதிரி வளர்த்தவர்" என்றார். அதற்கு மேல் அவருக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீரையாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே வைத்திருந்த சிவலை எப்போதும் இடப்பக்கத்தில் இழுத்துப் பழகியது. ஆகவே புதிதாக வந்த மயிலையை வலப்பக்கத்தில் பூட்டினார். வேறெங்கே பூட்டுவது?

பொங்கல் சவாரியில் மூக்கு உடைபட்டது. மயிலை சிவலையின் மேல் சாய்ந்து சாய்ந்து, வண்டியைத் திடலின் ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் பிரிவில் கடைசி. கழகம் சோடியை நாலாம் பிரிவுக்கு இறக்கியது. "கொழுந்து பறிச்ச கைக்கு மாட்டின்ரை நாணயக்கயிறு பிடிபடுமோ?" என்று சிற்றம்பலம் சொன்னது திடல் முழுக்கக் கேட்டது. எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வந்து, இருபது வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் காடு வெட்டி, கிணறு வெட்டி, பாம்புக்கும் யானைக்கும் தப்பி விவசாயம் செய்கிற மனிதருக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

மாசியில் வீரையாவை மலேரியா போட்டுப் புரட்டியது. நிவாரண அரிசி எடுக்கச் சங்கக்கடைக்குப் போக ஆளில்லை. மனைவி பார்வதிதான் வண்டியைப் பூட்டினாள். மாடுகள் கொட்டிலில் எப்படி நின்றனவோ அப்படியே கொண்டுவந்து நுகத்தில் வைத்தாள். மயிலை இடம், சிவலை வலம். ஒழுங்கையைத் தாண்டி றோட்டில் ஏறியதும் வண்டி பறந்தது. சங்கக்கடையில் வரிசையில் நின்ற சனம் உமல் பைகளையும் தூக்கிக்கொண்டு விலகியது. பார்வதி "நில்லு, நில்லு" என்று கத்தக் கத்த, கடையைக் கடந்து நெடுந்தூரம் போய்த்தான் மாடுகள் நின்றன. பயம் தெளிந்ததும் அவள் யோசித்தாள். திரும்பும்போது பக்கம் மாற்றிப் பூட்டிப் பார்த்தாள். வண்டி நத்தையாக ஊர்ந்தது.

"என்னங்க, மயிலை இடத்து மாடுங்க. சிவலை எந்தப் பக்கம்னாலும் இழுக்குது. நீங்கதான் மாத்திப் பூட்டியிருக்கீங்க" என்று காய்ச்சலில் கிடந்தவரிடம் வந்து சொன்னாள்.

முதலில் வீரையா நம்பவில்லை. எழும்பி நடக்க முடிந்த அன்றைக்கே பூட்டிப் பார்த்தார். உண்மைதான். சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு சேர்ந்து வெட்கமும் வந்தது. கழகத்துக்குச் சொல்லிப் பிரிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையா என்று கேட்டால், தோன்றியது. ஆனால் எந்த வாயால் சொல்வது? மாட்டை வாங்கிய நாளிலிருந்து பிழையான பக்கத்தில் பூட்டி வைத்திருந்தேன் என்றா? அதுவும் சிற்றம்பலத்தின் காதில் விழும்படியா? பேசாமல் இருந்துவிட்டார். சித்திரைச் சவாரியில் நாலாம் பிரிவில் இறங்கினார். கடைசி ஓட்டத்தில் சிற்றம்பலத்தின் சோடி பாதித் திடலில் தூசி குடித்துக்கொண்டிருக்க, வீரையாவின் வண்டி எல்லையைத் தாண்டிவிட்டது. கேடயத்தைக் கையில் வாங்கியபோது கைதட்டலோடு சேர்ந்து முணுமுணுப்பும் கேட்டது.

விசாரணை திடலோரத்துப் பாலைமர நிழலில் நடந்தது. வீரையா நேரத்தோடே போய்விட்டார். போனவர் நிற்கவும் முடியாமல் குந்தவும் முடியாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாமத்தான் நடந்தது" என்று வரும் வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தார். அது உண்மை. உண்மையைச் சொல்ல ஏன் இவ்வளவு பழக வேண்டியிருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

கழகத் தலைவர் முத்துலிங்கம் வந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, "சிற்றம்பலம், சொல்லு" என்றார்.

சிற்றம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டார். "பொங்கலுக்கு மயிலை வலப்பக்கம். சித்திரைக்கு இடப்பக்கம். நான் ரெண்டு கண்ணாலையும் கண்டனான். பொங்கலண்டு மாடு உள்ளுக்குச் சாஞ்சு சாஞ்சு ஓடினது. இடத்து மாட்டை வலத்திலை பூட்டினால் அப்பிடித்தான் ஓடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேணுமெண்டு பிழையாப் பூட்டி, தோத்து, கீழை இறங்கி, பிறகு மாத்திப் பூட்டி எங்கடை வாயிலை மண்ணைப் போட்டிருக்கிறான்."

"பொங்கலண்டே கண்டனியெண்டால் அண்டைக்கே அவனுக்குச் சொல்லியிருக்கலாமே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

"தோக்கிறவனுக்கு நான் ஏன் சொல்லுவான்?" என்றார் சிற்றம்பலம். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

தெற்கில் எங்கோ கிபிர் குண்டுவிமானம் இரைந்தது. பேச்சு நின்றது. எல்லாருடைய முகமும் வானத்துக்குத் திரும்பியது. இரைச்சல் தேய்ந்து போனபிறகு முத்துலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீரையாவைப் பார்த்தார். நல்ல மனுசன். எந்த வழக்கையும் யாருக்கும் நோகாமல் முடிக்க நினைக்கிறவர்.

"இஞ்சை பார் வீரையா. எனக்கு இதிலை சூது இருக்கிறதாத் தெரியேல்லை. உனக்குத் தெரியாது, நீ பூட்டிப்போட்டாய். பிறகு எப்பிடியோ சரி வந்திட்டுது. அவ்வளவுதான். 'எனக்குத் தெரியாது' எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. கேடயமும் உன்னட்டையே இருக்கட்டும். அடுத்தமுறை மேலை ஓடு. விசயம் முடிஞ்சுது."

வீரையாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. கும்பிட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் முத்துலிங்கம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, அவருக்காகவே பரிந்து, "பாவம், அவங்கடை தோட்டத்திலை மாடெங்கை, வண்டியெங்கை? தேயிலைக்குள்ளை நிண்டவனுக்கு இடமென்ன, வலமென்ன!" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சமும் விஷம் இல்லை. சிற்றம்பலம்கூட, "அதுவும் சரிதான், இவனுக்கு அவ்வளவு மூளை எங்கை?" என்ற முகத்தோடு தலையை ஆட்டினார். அவருடைய கோபமே போய்விட்டது. அதுதான் வீரையாவைச் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுதான் செய்தனான்" என்றார்.

சிரிப்பு நின்றது. "என்ன?" என்றார் முத்துலிங்கம்.

"தெரிஞ்சுதான் ஐயா. வாங்கின அண்டைக்கே கழுத்திலை நுகத்தின்ரை தழும்பைப் பாத்து இது இடத்து மாடெண்டு அறிஞ்சனான். புதுச் சோடி, எடுத்த எடுப்பிலை மேலை விட்டால் மாடு வெருண்டு போகும். அதுதான் மாத்திப் பூட்டிக் கீழை இறக்கினனான். பொங்கலண்டு கயித்தையும் இழுத்துத்தான் பிடிச்சனான்."

மயிலையின் கழுத்தில் தழும்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. சொல்லச் சொல்லச் சொற்கள் தாமாக வந்தன. சொல்லி முடித்தபோது சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வை வேறாக இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை.

முத்துலிங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு எந்த நல்ல மனுசனாலும் காப்பாற்ற முடியாது. கேடயம் சிற்றம்பலத்துக்கு என்றும், வீரையாவின் வண்டி ஒரு வருடத்துக்குத் திடலில் இறங்கக்கூடாது என்றும் தீர்ந்தது.

வீரையா விறுவிறென்று நடந்தார். பின்னால் சைக்கிள் உருட்டிக்கொண்டு யாரோ ஓடிவருவது கேட்டது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார். சிற்றம்பலம்.

"பொல்லாத ஆள் வீரையா அண்ணை நீங்கள்" என்றார் மூச்சு வாங்க. "நான் பிறந்த நாள்தொட்டு மாட்டோடை நிக்கிறன். தழும்பைப் பாத்துப் பக்கம் சொல்ல எனக்கு ஏலாது. என்ரை சின்ன நாம்பன் மாடு ஒண்டு பிடி குடுக்குதில்லை. நாளைக்கு ஒருக்கால் கொண்டுவந்து காட்டட்டே?"

அண்ணை! சிற்றம்பலத்தின் வாயிலிருந்து! வீரையா தன்னையறியாமல், "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார்.

வீட்டில் பார்வதி அடுப்படியில் நின்றாள். "என்னங்க சொன்னாங்க? தெரியாம செஞ்சதுன்னு சொல்லிட்டீங்கதானே?"

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் புகைந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"அப்போ, சங்கக்கடை வாசல்ல உசிரக் கையில பிடிச்சிக்கிட்டுப் பறந்தவ நான். கண்டுபிடிச்சவரு நீங்க."

"அப்படி இல்ல பார்வதி..."

"இருக்கட்டுங்க. நீங்களே வச்சிக்கங்க. மாட்டுக்காரன்னு பேரு வாங்கிட்டீங்க. இனி ஓட்டத்தான் முடியாது."

அவளுக்குக் கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. சோறு போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவே இல்லை. அவருக்குத்தான் தினமும் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் சிற்றம்பலம் நாம்பனோடு வந்து நின்றார். வீரையா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கழுத்தைத் தடவினார், கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நெடுநேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, "அவசரப்படாதேங்கோ. ரெண்டு கிழமை ஓட்டாமல் விடுங்கோ. பிண்ணாக்கைக் கூட்டுங்கோ" என்றார். எந்த மாட்டுக்கும் கெடுதல் செய்யாத வைத்தியம். சிற்றம்பலம் பெரிய ரகசியம் கேட்டவரைப் போலத் தலையாட்டிக்கொண்டு போனார். அந்தக் கிழமையே இன்னும் இரண்டு பேர் மாட்டோடு வந்தார்கள்.

வைகாசிச் சவாரிக்குப் போவதில்லை என்றுதான் வீரையா நினைத்திருந்தார். அன்றைக்குக் காலையில் மிளகாய்த் தோட்டத்தில் நின்றவரைக் கால்கள் திடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. சனத்தோடு சனமாகக் கயிற்றோரம் நிற்கப்போனார். முத்துலிங்கம் கண்டுவிட்டார்.

"வீரையா, உங்கை ஏன் நிக்கிறீங்கள்? இஞ்சாலை வாங்கோ!" என்று கூப்பிட்டுத் தன் பக்கத்தில் ஒரு கதிரை போடச் சொன்னார். 'நீ' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

நாலாம் பிரிவின் கடைசி ஓட்டத்தில் சிற்றம்பலம் அந்தச் சின்ன நாம்பனைப் பூட்டிய புதுச் சோடியோடு வென்றார். வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக வீரையாவைக் காட்டி, "எல்லாம் அண்ணையின்ரை கைராசி!" என்று கத்தினார். சனம் கதிரைப் பக்கம் திரும்பிக் கைதட்டியது. யாரோ சோடாப் போத்தல் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தார்கள். "அண்ணை, அடுத்த பிரிவிலை எது வெல்லும்?" என்று இன்னொருவர் காதோரம் குனிந்து கேட்டார்.

முதலாம் பிரிவுச் சோடிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. வீரையாவின் கால்கள் கதிரைக்குக் கீழே தாமாக ஆடின. கைகள் இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தன. இந்தச் சோடிகள் எல்லை காணுமுன் மயிலையும் சிவலையும் போய்ச் சேர்ந்து இளைப்பாறிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மாட்டைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கதிரையில் இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. எழும்பவும் மனம் வரவில்லை.