பவானிக்குப் போட்ட போன்

நியாயப்படி பார்த்தால் சபரி செய்ததில் தப்பில்லை. கொடுத்த பணத்தைத்தான் கேட்டான். ஆனால் நியாயம் பேசுகிறவன் கொஞ்சம் கூச்சநாச்சமும் பார்க்க வேண்டும் இல்லையா?

அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங் ஊர் அபார்ட்மென்ட்டில் ஒன்றரை வருஷம் அவனோடு தங்கியிருந்தவன் இனியன். 1998 கோடையில் கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, வீட்டு அட்வான்சுக்கென்று ஆயிரத்து எண்ணூறு டாலர் கைமாற்று வாங்கிப் போனான். இரண்டு மாதத்தில் தருவதாகப் பேச்சு. ஐந்து மாதமாகியும் கிணற்றில் போட்ட கல்தான். போன் செய்தால் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது.

சபரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பழைய போன் பில்லைத் தேடி எடுத்தான். பில் வந்ததும் அவரவர் ஊருக்குப் பேசிய நம்பரில் டிக் போட்டுப் பங்கு பிரிப்பது அவர்கள் வழக்கம். இனியன் டிக் போட்ட பவானி நம்பர் அதில் இருந்தது. சனிக்கிழமை காலை காலிங் கார்டைச் சுரண்டி அந்த நம்பரை அடித்தான். எடுத்தவர் இனியனின் அப்பா சேனாபதி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரூபாயில எவ்வளவு ஆகுங்க தம்பி?" என்றார்.

அன்றைய டாலர் கணக்கில் எழுபத்தைந்தாயிரத்து அறுநூறு. "எழுபத்தாறாயிரம்னு வெச்சுக்கங்க" என்றான் சபரி. கோபத்தில் அதையும் ரவுண்டாக்கினான், புண்ணியவான்.

"உங்க ஊடு எங்கீங்க?"

"பெருந்துறைங்க" என்று விலாசத்தையும் சொன்னான்.

"செரிங்க" என்று போனை வைத்தார்.

பத்து நாள் கழித்துப் பெருந்துறையிலிருந்து சபரியின் அப்பா கூப்பிட்டார். "அந்த மனுசன் பஸ்ஸேறி வந்து பணத்தைக் குடுத்துட்டுப் போனாருடா. கறவை மாடு நாலையும் வித்து, மீதிக்கு நகைய அடகு வெச்சாராம். ஒரு வாய் காப்பி குடிக்கல. பையனுக்குத் தெரிய வேண்டாம்னு எம்முன்னால கை கட்டி நின்னாரு. எம்பட வயசுடா அவருக்கு."

சபரிக்கு உடம்பே கூசியது. "திருப்பிக் குடுத்துருங்கப்பா."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு? மறுபடியும் அந்த மனுசன அவமானப்படுத்தவா?"

அடுத்த ஞாயிறு இனியனே கூப்பிட்டான்.

"மன்னிச்சுக்க மாப்ள. வந்த ரெண்டாவது வாரமே ப்ராஜெக்ட் போயிருச்சு. கம்பெனி சம்பளத்த நிறுத்திட்டாங்க. உன் மெசேஜ் எல்லாம் கேட்டேன், பேசத்தான் வெக்கமா இருந்துச்சு. இப்ப வேற வேலை கெடச்சுருச்சு, நாளைக்கே செக் அனுப்பறேன். வேற எவனா இருந்தாலும் எங்கப்பாவுக்குப் போன் போட்டிருப்பான். நீ போடல பாரு."

"எனக்கு வேண்டாம்டா" என்றான் சபரி. "ஊருக்கு அனுப்பு. உங்கப்பாவுக்கு."

"ஏன்டா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையனுக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டாரே என்று அதைச் சாக்காக வைத்து மழுப்பினான். அது சாக்கு என்பது அவனுக்கே தெரியும்.

"உனக்குப் பெரிய மனசு மாப்ள" என்றான் இனியன்.