பிடிவாதக்காரியின் இடப்பக்கம்

நெரெய்தாவின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அங்கே ஒரு ஊர் குடியிருக்கிறது. பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றின் மொட்டு இன்னொன்றின் குழியில் அழுந்தி உட்கார, கோயிலாகவும் தெருவாகவும் எழுந்து நிற்கின்றன. வெள்ளைக் கோயில், மஞ்சள் சுங்கச்சாவடி, சிவப்பு ஓட்டு வீடுகள், பச்சை இலை வேய்ந்த குடிசைகள், முன்னால் நீளமாக ஒரு படகுத்துறை. ஊருக்குப் பெயர் சாந்தா ரூஃபினா. துறையை ஒட்டி ஒரு கப்பல், அதன் பெயர் பிடிவாதக்காரி. வாசல் பக்கமிருந்து பார்த்தால் முழுக் கப்பல் மாதிரிதான் தெரியும். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தால் பப்பாளியை நீளவாக்கில் வகுந்து வைத்த மாதிரி பாதிதான் இருக்கும்.

நெரெய்தா சமையலறையில் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவாள். அது அவளுக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ஒப்துலியாவுக்குத்தான் பழகவில்லை.

"அடியே, இருக்கறது ஒரு மேசை. அதுலயும் ஒரு ஊரையே குடிவெச்சிட்ட. நான் இந்தக் காப்பிக் கோப்பையை எங்கடி வைக்கறது?"

"கையிலயே வெச்சுக்கோ. சூடு பட்டா துறைமுகம் வளைஞ்சிரும்."

"நல்லாருக்கு போ. ஆஸ்பத்திரியில நாள் பூரா ஊரு சனத்தோட ரத்தத்தைச் சோதிச்சிட்டு வர்ற பொம்பள, வீட்டுக்கு வந்தா பொம்மை. புருஷன் பாதிக் கப்பலைத் தூக்கிட்டு ஓடிட்டான், இவ மீதிப் பாதியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"ஓடல. போயிருக்கான்."

"ரெண்டுக்கும் கால் ஒண்ணுதான்டி."

ஒப்துலியாவின் நாக்குக்கு, கியூபாவின் அந்தக் கடலோர ஹிபாரா ஊரே பயப்படும். ஆனால் நெரெய்தா மேல் அவளுக்கு உயிர். நண்டு கிடைத்தால் முதல் பங்கு இந்த வீட்டுக்குத்தான் வரும்.

விளையாட்டு இதுதான். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற, தலை நரைத்தும் ஆசை நரைக்காத ஆட்கள் இணையத்தில் ஒன்று கூடி, கற்பனையாக ஒரு கடலை வகுத்திருக்கிறார்கள். அதில் நாலைந்து சாம்ராஜ்யங்கள், பாய்மரக் காலம். ஒவ்வொருவரும் தன் வீட்டில் கப்பலையோ கோட்டையையோ கட்டிப் படம் எடுத்துப் போட்டு, கூடவே அதன் கதையையும் எழுத வேண்டும். ஒருத்தர் கப்பல் இன்னொருத்தர் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும், விருந்து சாப்பிடும், சண்டை போடும். படம் இல்லாத கப்பல் கடலில் கிடையாது. அதுதான் சட்டம்.

சாந்தா ரூஃபினாவுக்கு நெரெய்தா ஆளுநர். அவள் கணவன் எலியேசர் பிடிவாதக்காரியின் கேப்டன். மற்றவர்கள் எல்லோரும் குடியேற்றம் என்றதும் முதலில் கோட்டை கட்டினார்கள், பீரங்கி வைத்தார்கள், கொடி நட்டார்கள். நெரெய்தா முதலில் கட்டியது கரும்பு வெட்டுகிறவர்களின் குடிசைகளை. உங்கள் சர்க்கரை மூட்டைகள் தானாகவா நடந்துபோய்க் கப்பல் ஏறின என்று எழுதிக் கேட்டாள். கியூபாவில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எலியேசர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல்காரனாக இருந்தான். ஊருக்குத் திரும்பின ஒரு வெளிநாட்டுக் குடும்பம் விட்டுப்போன கட்டைப் பெட்டியை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் எல்லாம் தொடங்கியது. குழந்தை இல்லாத வீடு. இரண்டு பேரும் குழந்தைகள் ஆனார்கள். பிடிவாதக்காரியைக் கட்டி முடித்தபோது அவனுடைய நீலக்கோடு போட்ட சட்டையைக் கிழித்துத்தான் பாய் தைத்தாள் நெரெய்தா. மரவள்ளிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கினாள். காற்றில்லாமலே அது புடைத்து நின்றது.

பிறகு ஊரில் பாதிப் பேர் கிளம்பின மாதிரி அவனும் கிளம்பினான். போன இடம் உருகுவே, மொந்தேவிதேயோ நகரம். போய்க் காலூன்றியதும் அவளைக் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. ஒரு பெட்டிதான் கொண்டுபோகலாம். கப்பலை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை, கொடுத்துவிட அவளுக்கும் மனசில்லை. கடைசியில் இரண்டு பேருமாக இந்த மேசையில் உட்கார்ந்து, கட்டை கட்டையாகக் கழற்றி, பிடிவாதக்காரியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நீளவாக்கில் பிரித்தார்கள். பாயையும் கத்தரியால் இரண்டாக வெட்டினாள்.

"இடப்பக்கம் உனக்கு," என்றான் எலியேசர். "கரையில அணையும்போது இடப்பக்கத்தைத்தான் துறைக்குக் கொடுக்கறது பழைய கப்பல்காரன் வழக்கம். கடல்பக்கம் எனக்கு இருக்கட்டும்."

"திரும்ப ஒட்டும்போது சரியா ஒட்டணும், கேப்டன்."

"ஒட்டாம எங்க போகும், கவர்னரம்மா? மொட்டும் குழியும் ஒண்ணுக்கொண்ணு அளவெடுத்த மாதிரி இருக்கு."

அதன்பிறகு விளையாட்டில் பிடிவாதக்காரி ஒரு நாளும் ஓயவில்லை. ஒரு கதைக்கு இவள் இடப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவாள், அடுத்த கதைக்கு அவன் வலப்பக்கத்தைப் போடுவான். ஒரே கப்பல்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஹால்வர்த் என்கிற நோர்வேக்காரர் மட்டும் ஒரு முறை கேலி செய்தார். உங்கள் கப்பல் விசித்திரமானது, இடப்பக்கம் வெயில் அடிக்கும்போது வலப்பக்கம் குளிர்காலமாக இருக்கிறதே என்று எழுதினார். மொந்தேவிதேயோவில் பருவங்கள் தலைகீழ். அங்கே ஜன்னல் வெளிச்சம் சாம்பல் பூத்து விழும் மாதங்களில் இங்கே வெயில் கொளுத்தும். அந்தக் கேலியைப் படித்துவிட்டு நெரெய்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்தது. ஒரே கப்பலில் இரண்டு பருவம். தன் கல்யாணத்தை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று நினைத்தாள்.

கியூபாவுக்குப் போகிறவர்கள் யாராவது கிடைத்தால் எலியேசர் ஜன்னல், கதவு, ஓடு, வெள்ளைக் கட்டை என்று பொட்டலம் அனுப்புவான். ஊர் வளர்ந்தது அப்படித்தான். கப்பலின் பழுப்புக் கட்டையை மட்டும் அவன் அனுப்பியதில்லை, இவளும் கேட்டதில்லை. அந்தப் பக்கம்தான் அவனிடம் இருக்கிறதே.

வருடங்கள் போயின. விசா என்ற சொல் முதலில் தினமும் வந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது, பிறகு வரவேயில்லை. வாட்ஸ்அப்பில் தெரிகிற எலியேசர் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி கசப்புப் பச்சைச்சாற்றைக் குழல் வைத்து உறிஞ்சினான். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டால், "அது எப்பவாவதுதான்," என்றான். நெரெய்தாவுக்கு அந்தக் குழலைப் பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது.

அந்த வருடம் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். கட்டை குறைவாக இருக்கிறவர்கள் கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் கட்டி ஏமாற்றுகிறார்களாம். இனி ஒவ்வொரு கப்பலையும் நேர் முன்னாலிருந்து, இரண்டு பக்கமும் தெரிய, ஒரே படமாக எடுத்து வருடக் கடைசிக்குள் போட வேண்டும். போடாத கப்பல் புயலில் மூழ்கியதாகக் கதையை முடித்துவிடுவார்கள்.

நெரெய்தா அன்றைக்கே அவனைக் கூப்பிட்டாள்.

"கேப்டன், படிச்சியா? கப்பல் முழுகப் போகுது."

"படிச்சேன், படிச்சேன். நீ கவலைப்படாத. வருஷக் கடைசிக்குள்ள நான் ஏதாவது பண்ணிடறேன்."

"ஏதாவதுன்னா?"

"பண்றேன்னு சொல்றேன்ல. பார்த்துட்டே இரு, அசந்துருவ."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், கணக்கும் அறியாது. இரண்டு பாதியும் ஒரு படத்தில் வர வேண்டுமென்றால் இரண்டு பாதியும் ஒரு மேசைக்கு வந்தாக வேண்டும். அவன் வருவான், அல்லது இவளைக் கூப்பிடுவான், வேறு வழியே இல்லை. விசாவால் முடியாததை ஒரு விளையாட்டுச் சட்டம் முடித்துவைக்கப் போகிறது. நெரெய்தா சுண்ணாம்பு வாங்கி முன்னறைக்கு அடித்தாள். புதுவருடத்துக்குப் பன்றித் தொடைக்குச் சொல்லி வைத்தாள். மேசையில் துறைக்கு அப்பால் இருந்த கலங்கரை விளக்கத்தை எடுத்துவிட்டு, அடுத்த பாதி வந்து உட்கார இடம் ஒழித்தாள்.

"வர்றேன்னு வாயைத் திறந்து சொன்னானா?" என்று ஒப்துலியா கேட்டாள்.

"சொல்லாம வரணும்னு நினைக்கறான். அசந்துருவேன்னான்."

ஒப்துலியா எதையோ சொல்ல வந்து, காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். அவள் வார்த்தையை விழுங்கி ஹிபாராவில் யாரும் பார்த்ததில்லை.

டிசம்பரில் ஒரு பிற்பகல். காலையிலிருந்து போயிருந்த கரன்ட் வந்தது, குளிர்பெட்டி முனகத் தொடங்கியது, போனுக்கு உயிர் வந்தது. நெரெய்தா விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். முதலிலேயே பிடிவாதக்காரி.

நேர் முன்னாலிருந்து எடுத்த படம். இடப்பக்கமும் இருந்தது, வலப்பக்கமும் இருந்தது. பழுப்புக் கட்டைகள் வரிசை தப்பாமல் மினுங்கின. நீலக்கோட்டுப் பாய் இல்லை. அந்த இடத்தில் மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துணி, வெட்டுத் தழும்பு இல்லாமல் முழுசாகப் புடைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கோடை வெயில். கீழே ஹால்வர்த் வாழ்த்தியிருந்தார். கடைசியில் உங்கள் கப்பலுக்கு ஒரே பருவம் வந்துவிட்டதே என்று.

போன் அடித்தது.

"பார்த்தியா கவர்னரம்மா? அசந்துட்டியா? ரெண்டு மாசமா ஓவர்டைம் செஞ்சு கட்டை சேர்த்தேன். இடப்பக்கம் ஒரு மொட்டு மாறல. கப்பல் பொழச்சிருச்சு!"

"பொழச்சிருச்சு," என்றாள் நெரெய்தா.

"இனி உனக்கும் தொல்லை இல்ல. கரன்ட் இல்ல, நெட் இல்லன்னு படத்துக்கு அலைய வேண்டாம். எல்லாத்தையும் நானே போட்டுக்கறேன்."

"இங்க ஒரு பக்கம் இருக்கே எலியேசர். அதை என்ன பண்றது?"

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவன் கவனிக்கவில்லை.

"கழட்டி ஊருக்கு வெச்சுக்கோயேன். ஊருக்குக் கட்டை பத்தல பத்தலன்னு நீதானே புலம்புவ."

அவன் குரலில் கள்ளம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றால் திட்டலாம், சபிக்கலாம், ஒப்துலியாவையும் கூட்டிக்கொண்டு ஊர் கேட்க ஒப்பாரி வைக்கலாம். இவனோ ஒரு பக்கம் குறைகிறது என்று பார்த்தான், கடைக்குப் போனான், வாங்கி வைத்தான். அவ்வளவுதான். அவள் இல்லாமலே எல்லாம் பொருந்திவிட்டது.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கவிழாமல் முழுசாக நிற்கிற கப்பலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தவள் நெரெய்தா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

புதுவருடத்துக்குப் பன்றித் தொடையை ஒப்துலியா வீட்டில் வறுத்தார்கள். மொறுமொறுவென்று இருந்த தோலை மட்டும் பிய்த்து ஒப்துலியா இவள் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை நெரெய்தா கோயிலைக் கழற்றினாள்.

பிறகு சுங்கச்சாவடி, ஓட்டு வீடுகள், மாடிப்படிகள், கிணறு. கடைசியாகக் குடிசைகள். பாதிக் கப்பலை மட்டும் தொடவில்லை. கழற்றிய கட்டைகளைக் கொண்டு, அதன் திறந்து கிடந்த பக்கத்தில், மொட்டுக்குக் குழி வைத்து, வலப்பக்கத்தை எழுப்பத் தொடங்கினாள். பழுப்பு ஒன்றுகூடக் கிடையாது. அடிவயிறு கோயில் சுவரின் வெள்ளை, அதற்கு மேல் சுங்கச்சாவடியின் மஞ்சள், விளிம்பு முழுக்கச் சிவப்பு ஓடு, மேல்தட்டில் குடிசைகளின் பச்சை. பீரங்கி மூஞ்சி நீட்டுகிற இடங்களில் வீட்டு ஜன்னல்கள். நடுவில் கோயிலின் கதவு, கடலைப் பார்த்துத் திறக்கிற மாதிரி. பாய்க்குத் தன் பூப்போட்ட பாவாடையில் ஒரு துண்டு கிழித்து, மரவள்ளிக் கஞ்சி போட்டு, பழைய நீலக்கோட்டுப் பாதியோடு சேர்த்துத் தைத்தாள்.

மேசையில் கடலுக்காகப் பரப்பியிருந்த நீலத் தரை மட்டும் மிஞ்சியது. ஜன்னலைத் திறந்து, கப்பலை நேர் முன்னால் வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். கதைக்கு அதிகம் எழுதவில்லை. சாந்தா ரூஃபினாவின் ஆளுநர் ஊரைக் கலைத்து, ஊராரையும் ஏற்றிக்கொண்டு கடலேறிவிட்டார் என்று மட்டும் எழுதினாள். கப்பலுக்குப் பெயர் வைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் எலியேசர் கூப்பிட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்க நெரெய்தா? ஊரு எங்க?"

"கப்பல்ல இருக்கு. உத்துப் பாரு, கோயில் கதவு தெரியும்."

"துறையைக் கூடவா கழட்டிட்ட?"

"துறையையும்தான்."



"தினம் வேலை முடிஞ்சு பஸ்ல வரும்போது அந்த ஊரைத்தான் பார்த்துட்டு வருவேன்," என்றான். "போன்ல பெரிசு பண்ணி, தெருத் தெருவா. எந்தக் கதை எழுதினாலும் கடைசியில அங்கதானே கப்பலைக் கொண்டாந்து விடுவேன். இனிமே நான் வந்தா எங்க வந்து நிப்பேன்? சொல்லு. எங்க நிப்பேன்?"

இத்தனை வருடத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அவள் கடலில் நடந்தே போயிருப்பாள். இப்போதும் நெஞ்சு அந்தப் பக்கம்தான் இழுத்தது, பொய் சொல்வானேன். வெறும் நீலத் தரையையும், அதன் நடுவே இரண்டு நிறப் பாய் புடைத்து நின்ற கப்பலையும் பார்த்தாள்.

"கட்டை பத்தல, எலியேசர்," என்றாள். "ஒருத்தி கையில இருக்கற கட்டைக்கு ஊரோ கப்பலோ ஒண்ணுதான் வரும். ரெண்டும் வேணும்னா ரெண்டு பேர் வேணும்."

அவன் பதில் சொல்வதற்குள் கரன்ட் போயிற்று, அதோடு இணைப்பும் போயிற்று. நெரெய்தா தட்டில் சோறும் கறுப்பு மொச்சையும் போட்டுக்கொண்டு வந்தாள். மேசையில் இடம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கப்பலுக்கு எதிரே, நெடுநாளைக்குப் பிறகு மேசையில் சாப்பிட்டாள்.